பழைய வெளியிணைப்பு எஞ்சினில் தீப்பொறி தவறுதல்

பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்த வள்ளங்களின் பின்புறத்தில் வெளியிணைப்பு எஞ்சின் தொங்கத் தொடங்கிய பின்னர், கடற்றொழிலின் போக்கே மாறிவிட்டது. கன்னியாகுமரிக் கடற்கரையிலும், கேரளக் கரையிலும், இலங்கையின் வடபகுதியிலும் இவ்வெஞ்சினை அறியாத மீனவக் குடும்பம் இல்லையெனலாம். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்படும் இவற்றுள் பல, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு விலையாகி வந்த பழைய எஞ்சின்கள். கரைக்கு எட்டாத தூரத்தில் இத்தகைய எஞ்சின் நின்றுவிடுமாயின், காற்றும் நீரோட்டமும் வள்ளத்தை எங்கே கொண்டுபோகும் என்பதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அபாயம் கடலில் மட்டும் இல்லை. கரையிலும் ஒரு நஷ்டம் உண்டு. எஞ்சின் கிளம்பவில்லையென்றால் உடனே "காயில் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லி, பல நாள் உழைப்பின் பணத்தைக் கொடுத்துப் புதிய காயில் வாங்கி மாட்டி, அப்பொழுதும் கிளம்பாமல் விழித்து நிற்பது அடிக்கடி காணப்படும் காட்சி. உண்மையில் காயில் கெடுவது கடைசியாக எதிர்பார்க்க வேண்டிய பழுது. உப்புக் காற்றில் உழலும் எஞ்சினில் மின்சாரம் இல்லாமற் போவதைவிட, உண்டான மின்சாரம் தன் வழியை விட்டு வேறு வழியில் ஓடிவிடுவதே மிகுதி. அவ்வாறு ஓடிப்போகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையையே இங்கு விளக்கப் புகுகின்றோம்.

தீப்பொறி பிறக்கும் விதம்

முறையை அறியுமுன் தத்துவத்தைச் சிறிது அறிதல் வேண்டும். காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து அசையும்பொழுது அச்சுருளில் மின்சாரம் உண்டாகிறது என்பதை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1831-ம் ஆண்டில் காட்டினார். வெளியிணைப்பு எஞ்சினின் உச்சியில் கயிறு சுற்றி இழுக்கும் கனத்த சக்கரமாகிய பிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதன் அடியில் ஒரு தட்டின்மேல் காயில் அமர்ந்திருக்கிறது. காயிலில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்டது; மற்றொன்று மயிரிழை போன்ற கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது.

பிளைவீல் சுற்றும்பொழுது தடித்த சுருளில் மின்சாரம் பிறந்து, மூடியிருக்கும் பாயிண்டு வழியாகச் சுற்றி ஓடுகிறது. சரியான தருணத்தில் ஒரு குமிழ் பாயிண்டைத் திறக்கிறது. மின்சாரம் திடீரென்று அறுபடுகிறது. அந்த அறுபடுதலின் வேகத்தால் மெல்லிய சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாகிறது. பாயிண்டு திறக்கும் கணத்தில் அங்கேயே பொறி பறந்து வீணாகாதபடி தடுப்பது கண்டென்ஸர் என்னும் சிறு குப்பி. இரட்டை சைலிண்டர் கொண்ட பழைய எஞ்சின்களுள் பலவற்றில், ஒவ்வொரு சைலிண்டருக்கும் தனித்தனிக் காயிலும், பாயிண்டும், கண்டென்ஸரும் அமைந்திருக்கும். பழுது பார்ப்பதில் இவ்வமைப்பு பெரிய உதவி. அதனைப் பின்னர்க் காண்போம்.

நிறுத்தும் கம்பி

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வீட்டு விளக்கிலும் மோட்டார் காரிலும் சுவிட்சைத் திருப்பி நிறுத்தினால் மின்வழி அறுபடுகிறது. மாக்னெட்டோ எஞ்சினில் நடப்பது இதற்கு நேர் எதிர். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மின்வழி இணைக்கப்படுகிறது. அதாவது காயிலின் தடித்த சுருளை எஞ்சினின் இரும்புடலோடு சேர்த்துவிடுகிறோம். பாயிண்டு திறந்தாலும் மின்சாரம் அறுபடாமல் உடல் வழியே ஓடிவிடுவதால் தீப்பொறி எழுவதில்லை.

ஆகவே, நிறுத்தும் கம்பி அறுந்துபோனால் எஞ்சின் நிற்காமல் போகுமேயன்றிக் கிளம்பாமல் போகாது. அதே கம்பியின் உறை தேய்ந்து செம்பு வெளிப்பட்டு இரும்பைத் தொட்டுவிட்டால், பொத்தானை யாரோ இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். பொத்தானுக்குள் உப்பு நீர் புகுந்து காய்ந்து பச்சைக் களிம்பு பிடித்தாலும் அவ்வாறே. மணிக்கட்டில் கட்டும் பாதுகாப்புக் கயிறு உள்ள எஞ்சின்களில், அக்கயிற்றின் கொக்கி தன் இடத்தில் இல்லாவிட்டாலும் பொறி வராது. கொக்கியைச் செருகாமல் அரைமணி நேரம் கயிற்றை இழுத்துக் களைத்தவர்களை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு.

ஒரு வள்ளக்காரர் இரண்டு மிஸ்திரிகளிடம் எஞ்சினைக் காட்டி, ஒரு காயிலும் இரண்டு கண்டென்ஸரும் மாற்றிய பின்னும் பயனின்றி இருந்தார். மேல்மூடியின் விளிம்பு நசுக்கிய ஓரிடத்தில் நிறுத்தும் கம்பியின் உறை அரிசியளவு பிளந்திருந்தது. மூடியைக் கழற்றினால் பொறி வரும், பூட்டினால் வராது. மிஸ்திரிகள் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே பரீக்ஷித்ததால், அவர்கள் கண்ணில் பொறி சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. ஆகையால் காயில் "விட்டுவிட்டு வேலை செய்கிறது" என்று முடிவு கட்டினார்கள். முடிவு தவறானாலும் அவர்கள் கண்டது பொய்யன்று.

பரீக்ஷை

முதலாவது, குறை மின்சாரத்தினுடையதுதானா என்று தெளிதல் வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் துளை மூடியிருந்தாலும், எண்ணெயில் நீர் கலந்திருந்தாலும், மண்ணெண்ணெய் நிரம்பிய கார்ப்புரேட்டரோடு குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப முயன்றாலும், அடையாளங்கள் பொறியில்லாமைக்கு ஒப்பாகவே இருக்கும். கரை சேர்வதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துவோர்க்கு இக்கடைசித் தொல்லை நேராது.

பொறியைச் சோதிக்க, எஞ்சினை நிழலில் வைத்துக் கியரை நடுநிலையில் நிறுத்துக. பிளக்குகளைக் கழற்றுமுன் எண்ணெய்க் குழாயை விலக்கிவிட வேண்டும். பிளக் துளைகளை ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். சைலிண்டரிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் துளையருகே பொறி பறக்க விடுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். கம்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு சோதிக்கும் பழக்கமும் கூடாது. ஈரமான வள்ளத்தில் நிற்பவனுக்கு அந்த அதிர்ச்சி தாக்கினால் கடலில் விழவும் நேரும்.

கழற்றிய பிளக்கை எஞ்சினின் உடலோடு தொடவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். இது அரைச் சோதனையே. வெளிக்காற்றில் எளிதில் தாண்டும் பொறி, சைலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் தாண்டாமல் போகலாம். ஆதலின் ஓர் உலர்ந்த பலகைத் துண்டில் இரண்டு ஆணிகளை, முனைகள் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர், விலகி நிற்குமாறு அறைந்துகொள்க. ஓர் ஆணியை எஞ்சினின் உடலோடு கம்பியால் இணைத்து, மற்றதைப் பிளக் கம்பியோடு சேர்த்துவிட்டுக் கயிற்றை வேகமாக இழுக்க வேண்டும். "சடக்" என்ற ஒலியோடு நீலநிறப் பொறி தாண்டுமானால் காயிலும் பாயிண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. மஞ்சளாகவோ செந்நிறமாகவோ நூல்போல மெலிந்து தோன்றினால் பலவீனம். வெயிலில் நல்ல பொறியும் கண்ணுக்குப் புலப்படாது என்பதால் நிழல் வேண்டுமென்று முன்னரே கூறினோம்.

ஆணிகளுக்கிடையே பொறி வலுவாக இருந்து எஞ்சின் கிளம்பவில்லையானால், குற்றம் பிளக்கிலோ எண்ணெயிலோ இருக்கும். மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் சேர்ந்து எரியும் எஞ்சினில் பிளக்கின் முனையில் கரி விரைவில் படியும். கரியும் மின்சாரத்தைக் கடத்தும் பொருளே. ஆதலால் பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே கசிந்துவிடும். நனைந்த பிளக்கைத் துடைத்து உலர்த்தலாம். ஆனால் பீங்கானில் வெடிப்பு இருந்தால் வேறு பிளக் மாட்டுவதே முறை. இரட்டை எஞ்சினில் ஓட்டம் பாதியாகக் குறைந்தால், நிறுத்தியவுடன் இரு பிளக்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று உலர்ந்து சூடாகவும் மற்றது நனைந்து குளிர்ந்தும் இருக்கும். நனைந்ததே வேலை செய்யாத சைலிண்டர். அவ்விரு பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினால், குறை பிளக்கோடு இடம் மாறுகிறதா, சைலிண்டரிலேயே தங்குகிறதா என்பது செலவின்றி விளங்கிவிடும்.

பொறியே இல்லாவிட்டால் செய்யவேண்டிய முதற் காரியம் நிறுத்தும் கம்பியைக் கழற்றுவது. அக்கம்பி எஞ்சினுக்குள் காயிலின் கம்பியோடு சேரும் இணைப்பை விலக்கி, முனை எதனையும் தொடாதபடி துணியால் சுற்றிவிட்டு மறுபடி சோதிக்க. பொறி திரும்பி வருமாயின் குற்றவாளி அகப்பட்டான். கடலில் இது நேர்ந்தால் கம்பியை விலக்கிய நிலையிலேயே எஞ்சினைக் கிளப்பிக் கரை சேரலாம். நிறுத்துவதற்குச் சோக்கை முழுதும் இழுத்து மூடினால் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். இந்த ஒரு செய்தியை மட்டும் வள்ளத்தில் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். ஆனால் இவ்வாறு ஓட்டும்போது பாதுகாப்புக் கயிறும் வேலை செய்யாது என்பதை மறவாமல், எஞ்சினைப் பிடிப்பவன் எழுந்து நிற்காமல் மெல்ல ஓட்டிவர வேண்டும்.

அடுத்தது பிளக் கம்பியும் அதன் தலையிலுள்ள கேப்பும். கம்பியின் உள்ளிருக்கும் செம்பு உப்பால் அரிக்கப்பட்டுப் பொடியாகியிருக்கலாம். வெளியுறை முழுமையாகவே தோன்றும். முனையில் அரை அங்குலம் வெட்டிப் பார்த்தால், செம்பு பளபளக்கிறதா கறுத்திருக்கிறதா என்பது தெரியும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு மூடியின்றிப் பார்த்தால், உறை வெடித்த கம்பியிலிருந்து உடலுக்கு நீலப்பொறிகள் தாவுவதைக் காணலாம். அதிகாலை ஈரத்தில் கிளம்ப மறுத்து, வெயிலேறியதும் கிளம்பும் எஞ்சின்களின் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

பிளைவீலுக்கு அடியில்

இதுவரை கூறியவை ஒரு பிளக் ஸ்பானரும் கத்தியும் கொண்டு செய்யக்கூடியவை. இவற்றால் பழுது தீராதபொழுதே பிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கு உரிய புல்லர் இல்லாமல் இறங்கலாகாது. சக்கரத்தின் விளிம்பில் நெம்பியும், தண்டின் தலையில் சுத்தியால் ஓங்கி அடித்தும் கழற்றுவோர், காந்தத்தின் வலுவைக் குறைத்தும் தண்டின் மரையைச் சிதைத்தும், பத்து ரூபாய்ப் பழுதை ஆயிரம் ரூபாய்ப் பழுதாக்குகின்றனர். கழற்றியபின் தண்டின் பக்கத்திலுள்ள சிறிய பிறைவடிவச் சாவியைப் பார்க்க வேண்டும். அது பாதி அறுபட்டிருந்தால் பொறி வந்தும் காலம் தவறி வரும்; எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கும்.

பழைய எஞ்சின்கள் பலவற்றில், வேகத்தைக் கூட்டும்பொழுது காயில் இருக்கும் தட்டும் உடன் திரும்பும். அத்தட்டிலிருந்து வெளிவரும் கம்பிகள் ஆண்டுக்கணக்காக முன்னும் பின்னும் வளைந்து உறை தேய்ந்திருப்பது சாதாரணம். மெதுவாக ஓடும்பொழுது நன்றாயிருந்து, வேகம் கூட்டியவுடன் ஒரு சைலிண்டர் நின்றுபோனால் இக்கம்பிகளையே ஐயுற வேண்டும். தட்டைக் கையால் திருப்பிக்கொண்டே பார்த்தால் தொடுமிடம் தெரியும்.

பாயிண்டின் முகங்கள் சாம்பல்நிறமாய் ஒழுங்காக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமலிருந்த எஞ்சினில் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படர்ந்து மின்வழியை அடைத்துவிடும். சுத்தமான தடித்த காகிதத் துண்டை இடையே வைத்து மூடி இழுத்தால் அப்படலம் அகலும். குழி விழுந்திருந்தால் மெல்லிய அரம் கொண்டு சமமாக்கலாம். உப்புத்தாள் போடுதல் தவறு, அதன் மணல்துகள் முகத்தில் பதிந்து மேலும் எரிக்கும். திறந்த நிலையில் இடைவெளி எவ்வளவென்பதை எஞ்சினுக்குரிய புத்தகத்தில் கண்டு பீலர் கேஜால் அளந்து வைக்க வேண்டும். பழைய ஜான்ஸன், எவின்ரூட் எஞ்சின்கள் பலவற்றுக்கு அது 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வேறு எஞ்சின்களில் இதனிற் குறைவாகவும் உண்டு. குமிழைத் தடவும் கம்பளித் துண்டுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். இரண்டு துளி விட்டால் ஒன்று பாயிண்டுக்குப் போய்ச் சேரும்.

பாயிண்டு புதிதாயிருந்தும் சில நாளிலேயே கருகிக் குழிவிழுமானால் கண்டென்ஸரே காரணம். மல்டிமீட்டரில் ஓம் அளவைத் தொட்டுப் பார்த்தால் முள் ஒருமுறை துள்ளிப் பழைய இடத்துக்கே மீள வேண்டும். துள்ளிய இடத்திலேயே நின்றால் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று பொருள். இரட்டை எஞ்சினில் இரு கண்டென்ஸர்களையும் மாற்றிப் போட்டுப் பார்க்கும் வழியும் உண்டு.

காயிலுக்கு இறுதியில் வருகின்றோம். பழைய காயில்களின் மேலுறை வெயிலாலும் எஞ்சின் சூட்டாலும் வெடிக்கும். அவ்வெடிப்பில் ஈரம் புகுந்தால் மின்சாரம் அங்கேயே இரும்புக்குத் தாவிவிடும். கண்ணால் வெடிப்பைக் கண்டால் வேறு சோதனை வேண்டா. வெடிப்பு இல்லாதவிடத்து ஓம் கணக்குப் பார்க்கலாம்: தடித்த சுருள் ஓர் ஓம் அளவிலும் மெல்லிய சுருள் சில ஆயிரம் ஓம் அளவிலும் இருக்கும். ஆனால் மீட்டரின் சிறு பாட்டரி கொடுக்கும் அழுத்தத்தில் நல்லதாகத் தோன்றும் காயில், பத்தாயிரம் வோல்ட் எழும்பும்பொழுது உள்ளே முறிந்து விழலாம். மீட்டர் "கெட்டது" என்றால் நம்புக. "நல்லது" என்றால் பாதியே நம்புக.

சூடேறிய பின் நிற்பது

அரைமணி ஓடி நின்றுவிட்டு, சிறிது ஆறியதும் மறுபடி கிளம்பும் எஞ்சின் மிகுந்த தொல்லை தருவது. மிஸ்திரியிடம் கொண்டு செல்வதற்குள் ஆறிவிடுவதால் அவர் முன்னிலையில் நன்றாகவே ஓடும். சூட்டில் காயிலின் உட்கம்பி விலகுவதாலும் இது நேரும். தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டு எண்ணெய் வராமையாலும் நேரும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நின்ற அக்கணமே, ஆறுவதற்குமுன், ஆணிப் பலகையால் பொறியைப் பார்த்துவிட வேண்டும். ஆகையால் அப்பலகை வள்ளத்திலேயே இருத்தல் அவசியம். பொறி உண்டாயின் தொட்டி மூடியைத் தளர்த்திப் பார்க்க. இல்லையாயின் காயிலைச் சொல்லலாம்.

பாயிண்டு இல்லாத எஞ்சின்கள்

பிற்காலத்து எஞ்சின்களில் பாயிண்டுக்குப் பதிலாக ஸி.டி.ஐ. என்னும் அடைத்த பெட்டி அமைந்தது. பிளைவீலுக்கு அடியில் ஒரு சுருள் மின்சாரத்தைத் திரட்டிப் பெட்டியில் நிரப்ப, மற்றொரு சிறு சுருள் தருணம் பார்த்து அதனைத் திறந்துவிடுகிறது. நிறுத்தும் கம்பி இவற்றிலும் உடலோடு இணைத்தே நிறுத்துவதால், முற்கூறிய முதற்சோதனை இவற்றுக்கும் பொருந்தும். வேறுபாடு என்னவெனில், பெட்டிக்கு வரும் கம்பிகளிலேயே நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. எஞ்சின் சுற்றும்பொழுது தொடலாகாது. பிளக் கம்பியை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுப்பது பெட்டியையே கெடுக்கும். பெட்டியைத் திறந்து பழுதுபார்க்க இயலாது. ஆதலால் அதனைக் குறைகூறுமுன் கம்பி இணைப்புகள் அனைத்தையும் கழற்றித் துடைத்து இறுகப் பூட்டிப் பார்த்துவிட வேண்டும். பெட்டியின் எர்த்துக் கம்பி திருகாணியில் துருப்பிடித்திருப்பதால் மட்டுமே புதுப்பெட்டி வாங்கியவர்கள் உண்டு.

கடலில் விழுந்த எஞ்சின்

அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் நீரில் மூழ்கினால், எடுத்து உலர்த்தி வைப்பதே பலரும் செய்யும் பிழை. உப்பு நீரும் காற்றும் சேர்ந்த பின்னரே அரிப்பு வேகமாகத் தொடங்குகிறது. கரை சேர்ந்தவுடன் மேல்மூடியை எடுத்து முழு எஞ்சினையும் நல்ல நீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கக் கிடத்திக் கயிற்றை மெல்ல இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே மூழ்கிய எஞ்சினாயின், சுற்றுவது தடைப்பட்டால் வலிந்து இழுக்கலாகாது, உள்தண்டு வளைந்திருக்கக்கூடும். பிளைவீலைக் கழற்றிக் காயில் தட்டையும் பாயிண்டையும் நல்ல நீரில் அலசி, முழுதும் காயவைத்து, சைலிண்டர்களில் எண்ணெய் விட்டு, அன்றே கிளப்பி ஓட்டிவிட வேண்டும். அன்றைக்குள் மிஸ்திரி கிடைக்க வழியில்லையென்றால், கழுவிய எஞ்சினைக் காற்றில் விடாமல் ஒரு பெரிய தொட்டியில் நல்ல நீர் நிரப்பி அதற்குள்ளேயே மூழ்க வைத்திருந்து, மிஸ்திரி வந்த பிறகே வெளியே எடுக்க வேண்டும்.